நத்தைக்குப் பெயர் வைக்க யார் சம்பளம் தருவார்கள்? சுங்கை சிப்புட் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் மேற்படிப்பு ஆலோசனைக்கு வந்தபோது உங்கள் மகளைப் பற்றிக் கேட்டீர்கள்: “ஆழ்கடல் நத்தையைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்கப் போகிறாளாம். இதற்கெல்லாம் யார் சார் சம்பளம் கொடுப்பார்கள்?” பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் சிரித்து மழுப்பிவிட்டேன். நம் ஊர்ப் பெயரில் உள்ள ‘சிப்புட்’ என்றாலே மலாய் மொழியில் நத்தைதான். இந்த ஊர்ப் பெண் நத்தையைப் படிக்கப் போகிறேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். உங்கள் கவலை அப்படிச் சிரித்துத் தள்ளக்கூடியது அல்ல.

நேராகச் சொல்கிறேன். ‘நத்தைக்குப் பெயர் வைக்க ஆள் தேவை’ என்ற விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. விரிவுரையாளருக்கும் அருங்காட்சியக ஆய்வாளருக்கும் சம்பளம் உண்டு. பெயர் வைப்பது அந்த வேலையின் ஒரு பகுதி. அந்த நாற்காலிகள் குறைவு. முனைவர் பட்டம் வரை போகவேண்டும்.

கடலை நினைத்துத்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று தோன்றியது. 2018இல் சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் சேர்ந்து ஜாவாவின் தென்கடலில் ஓர் ஆழ்கடல் ஆய்வு நடத்தின. கப்பலில் இருந்தது 14 நாள். அதில் கிடைத்த ராட்சதக் கடற்பூச்சி (நண்டு, இறாலின் உறவு) ஒன்று, புதிய இனம் என்று பெயரோடு வெளிவந்தது 2020இல். இந்தியப் பெருங்கடலின் அடியில், வெந்நீர் பீறிடும் இடத்தில், காலில் இரும்புச் சேர்மம் படிந்த செதில் போர்த்திய நத்தை 2001இல் அகப்பட்டது. முறையான பெயர் 2015இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளெல்லாம் கடலில் கழியவில்லை. மேசை, நுண்ணோக்கி, பழைய புத்தகம் என்றுதான் இந்த வேலை பெரும்பாலும் நடக்கும்.

கடலடியிலிருந்து சேற்றோடு மேலே வருவதைச் சல்லடையில் அலசி, நத்தை உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்து, கெடாமல் இருக்க எத்தனாலில் போடுவார்கள். பல நத்தைகள் மிளகு அளவுகூட இருக்காது. ஓட்டின் உச்சியில் இருப்பது அது குஞ்சாக இருந்தபோது கட்டிய ஓடு. குஞ்சு கடலில் நெடுநாள் மிதந்து இரை தின்றதா, முட்டையின் மஞ்சள்கருவை வைத்தே வளர்ந்ததா என்பதை அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வாயில் அரம் போன்ற பல்நாடா இருக்கும். அதைப் பிரித்தெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பற்களின் வடிவத்தைப் பார்ப்பார்கள். மரபணுவையும் ஒப்பிடுவார்கள்.

கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. இதற்கு முன்பே யாராவது பெயர் வைத்துவிட்டார்களா? விலங்குப் பெயர்களின் கணக்கு 1758இல் தொடங்குகிறது. முந்திய பெயருக்கே உரிமை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த நத்தைகளின் அறிக்கையைக்கூடப் புரட்டவேண்டும். லண்டனிலும் பாரிஸிலும் பெட்டிக்குள் இருக்கும் மூல மாதிரிகளோடு ஒப்பிடவேண்டும். அப்புறம்தான் விவரணை எழுதி, ஒரே ஒரு ஓட்டை அந்தப் பெயருக்கு உரிய மாதிரியாகக் குறித்து, அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பார்கள்.

இந்தப் பொறுமை உங்கள் மகளுக்கு உண்டா? அன்று அவள் பிஸ்கட் டின்னைத் திறந்ததும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. தெலுக் பாத்தேக் கடற்கரையில் பொறுக்கிய ஓடுகள். பதில் கிடைத்தது அவை அழகாக இருந்ததால் அல்ல. ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம், பென்சிலால் தேதி, இடம், ‘பாறை அடியில்’, ‘மணலில்’ என்று. இடம் எழுதாத ஓட்டை வைத்துக்கொண்டு ஆய்வாளர் ஒன்றும் செய்ய முடியாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்றுபோல் இருந்த இரண்டை எடுத்து நீட்டினேன். வாய் விளிம்பின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதில் பல் இருக்கிறது, அதில் இல்லை சார்” என்றாள். வேறு இரண்டு பொட்டலங்களில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறி. தெரியாததைத் தெரியாது என்று எழுதும் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

முன்பு ஒரு பையனை, கடல் என்றால் உயிர் என்கிறானே என்று கடலியல் படிக்க அனுப்பினேன். இரண்டாம் ஆண்டில் திரும்பி வந்துவிட்டான். அவனுக்குப் பிடித்தது நீச்சல். பரிசோதனைக் கூடத்தில் மணிக்கணக்காக உட்கார அவனால் முடியவில்லை. தவறு என்னுடையது.

வழி இதுதான். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் உயிரியலும் வேதியியலும் நன்றாக வரவேண்டும். பிறகு பல்கலைக்கழகத்துக்கு முன் ஓராண்டு மெட்ரிகுலேஷன் படிப்பு, அல்லது ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டு எஸ்.டி.பி.எம். (நிறைய எழுதவைக்கும் என்பதால் எஸ்.டி.பி.எம். மீது எனக்கு ஒரு சாய்வு உண்டு.) கடல் உயிரியலுக்கு நான் முதலில் பார்ப்பது மலேசியத் திரங்கானு பல்கலைக்கழகம். கோத்தா கினபாலுவில் சபா பல்கலைக்கழகத்துக்குக் கடலாய்வு நிலையம் இருக்கிறது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. மலாக்கா நீரிணை ஆழமில்லாதது. ஆழ்கடல் வேண்டுமென்றால் சபா பக்கம் போகவேண்டும். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வாளர் நாற்காலி கிடைக்காவிட்டால்? கடற்கரையில் பெரிய கட்டுமானம் வருவதற்கு முன் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயாரிக்கிறார்கள்; அடிச்சேற்றில் உள்ள உயிர்களை இனம் பிரிக்கத் தெரிந்தவர் அதற்குத் தேவை. மீன்வளத் துறை, இறால் பண்ணை, பள்ளியில் உயிரியல் ஆசிரியர் பணி என்று மற்ற கதவுகளும் திறந்தே இருக்கும். மருத்துவர் சம்பளம் வராது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கடலுக்குப் போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் பேராக் சுண்ணாம்பு மலைகளிலும் இதே வேலை நடக்கிறது. ஈப்போ பக்கம் குனோங் ராப்பாட்டில் நான்கு அச்சில் முறுக்கிக்கொள்ளும் குட்டி நத்தை ஒன்றை 2008இல் விவரித்தார்கள். செம்மோர் வழியாகப் பஸ்ஸில் போகும்போது தெரியும் குனோங் கந்தானில் 2014இல் இன்னொன்று. அதற்கு, மலையை வெட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் நிறுவனத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்! கெட்டிக்காரத்தனம்தான்.

வரும் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே அவளை டின்னோடு கூட்டி வாருங்கள். என்னிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருக்கிறது. அந்தக் கேள்விக்குறிப் பொட்டலங்கள் இரண்டையும் முதலில் பார்த்துவிடுவோம். படிவங்களை அப்புறம் நிரப்பலாம்.