பயிற்சியைப் பார்க்க 2 மணி நேரப் பயணம்

அன்புள்ள சார்,

அமெரிக்காவில் மில்வாக்கிக்கு வேலை மாறி வந்து எனக்கு இது முதல் கோடை. ஜூலை கடைசியில் எங்கள் அலுவலகத்தில் பலர் லீவு போட்டுவிட்டு, 2 மணி நேரம் கார் ஓட்டி கிரீன் பே போகிறார்கள். எதற்கென்றால், பேக்கர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் பயிற்சியைப் பார்க்க! நானும் அவர்களோடு ஒருமுறை போனேன். 140 கிலோ ஆள்கள் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி, முழங்கால் தாடையில் இடிக்க மிதித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதன்பிறகு செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள், எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இப்போது அணியில் 90 பேர் இருக்கிறார்கள், ஆகஸ்ட் கடைசியில் 53 ஆக்கிவிடுவார்களாம். இதெல்லாம் பணக்கார லீக் ஒன்று தனக்குச் செய்துகொள்ளும் விளம்பரம்தானே? இதில் பார்க்க என்ன இருக்கிறது? இன்னொன்று, நண்பர் ஒருவர் பேக்கர்ஸ் பங்கு வைத்திருக்கிறார். நானும் வாங்கலாமா?

மில்வாக்கி வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

விளம்பரம் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். கிரீன் பேயின் மக்கள்தொகை 1 லட்சத்துக்குச் சற்று மேல். அங்கிருக்கும் லாம்போ ஃபீல்டில் 81,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1919-ல் கர்லி லாம்போ என்ற இளைஞர், தான் வேலை பார்த்த இறைச்சி பேக்கிங் கம்பெனியிடம் சட்டை வாங்கப் பணம் கேட்டுத் தொடங்கிய அணி அது. அணியின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். அந்தக் காலத்துச் சின்ன ஊர் அணிகளெல்லாம் காணாமல் போய்விட, இது ஒன்றுதான் மிஞ்சியது. பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி காலத்திலிருந்து, ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஆட்டக்காரரின் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடி வருகிறார்கள். இன்று கேமராக்கள் அதைப் படம் பிடிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் கேமராவுக்காகத் தொடங்கிய வழக்கம் இல்லை அது.

உங்களுக்கு எங்கே கொட்டாவி வந்ததோ, அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஓர் ஆட்டம் 3 மணி நேரத்துக்கு மேல் போகும். அதில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரத்தையெல்லாம் கூட்டினால் சுமார் 11 நிமிடம்தான். ஒவ்வொரு முயற்சியும் சில வினாடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில வினாடிகளில் 11 பேரும் யோசிக்காமல் சரியான இடத்தில் இருக்க வேண்டும். மற்ற விளையாட்டுகளில் களத்தில் நின்று யோசிக்க நேரம் உண்டு. இதில் யோசனை முழுவதையும் ஜூலை, ஆகஸ்ட் பயிற்சி முகாமிலேயே செய்து முடித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்த விளையாட்டின் பெரும்பகுதி அந்த முகாமில்தான் நடக்கிறது, டிவியில் வருவது அதன் விளைவு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1959-ல் பயிற்சியாளராக வந்த லொம்பார்டி, 'ஸ்வீப்' என்ற ஒரே ஆட்டமுறையைத் தன் ஆள்களிடம் சலிக்கச் சலிக்கச் செய்ய வைத்தார். பந்து கைமாறியதும், முன்வரிசையில் நின்று தடுக்கும் இரண்டு கார்டுகளும் எதிராளியை நேராக முட்டக் கூடாது. ஒரு அடி பின்னால் எடுத்துத் திரும்பி, தங்கள் வரிசைக்கு இணையாக வலப்பக்கம் ஓட வேண்டும். நுகத்தில் பூட்டிய இரட்டை மாடு மாதிரி ஒன்றாக ஓடி, ஓரத்தில் ஒன்றாகவே வளைய வேண்டும். பந்தை வைத்திருக்கும் பால் ஹார்னங் அவசரப்படாமல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வருவார். முன்னால் போகும் கார்டு எதிராளியை எந்தப் பக்கம் தள்ளுகிறாரோ, அதற்கு மறுபக்கம் திறக்கும் சந்தில் புகுவார். முதல் அடி ஒரு சாண் நீண்டுவிட்டால் போதும், கார்டு தன் குவாட்டர்பேக்கின் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) காலிலேயே இடறுவார். அந்த இரண்டு கார்டுகளான ஜெர்ரி கிரேமரும் ஃபஸி தர்ஸ்டனும் அந்த முதல் அடியைத்தான் ஆண்டுக்கணக்கில் பழகினார்கள். ஸ்வீப் வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரிந்திருந்தும் பல நேரம் தடுக்க முடியவில்லை. 7 ஆண்டுகளில் 5 பட்டம்.

அடுத்த தடவை போனால் பந்தைப் பார்க்காதீர்கள். ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்து அவருடைய காலை மட்டும் பாருங்கள். நான்காவது தடவைக்கும் ஏழாவது தடவைக்கும் என்ன மாறியது என்பது உங்களுக்கே பிடிபடும். கோச் எதற்குக் கத்தினார் என்பதும் அப்போது புரியும்.

90 பேர் 53 ஆவது பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதை அப்படிக் கடந்துபோக முடிவதில்லை. 32 அணி, அணிக்கு 37 பேர். ஆகஸ்ட் முடிவதற்குள் ஏறத்தாழ 1,200 பேருக்கு வேலை போகிறது. அணி ஊழியர் ஒருவர் வந்து, "கோச் கூப்பிடுகிறார், பிளேபுக்கையும் எடுத்துக்கொண்டு வா" என்பார். பிளேபுக் என்றால் அணியின் ஆட்டமுறைகள் எழுதிய குறிப்பு. முன்பு அது தடித்த ஃபைல், இப்போது டேப்லெட். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. வேறு அணி எதுவும் எடுத்துக்கொள்ளாவிட்டால், சிலருக்குப் பயிற்சிக் குழுவில் இடம் கிடைக்கும். அதில் அணிக்கு 16 பேர்தான், சம்பளமும் குறைவு. மற்றவர்கள் வீட்டுக்குப் போய் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

1994-ல் இதே கிரீன் பே முகாமிலிருந்து அப்படி அனுப்பப்பட்ட ஒருவர் கர்ட் வார்னர். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காத குவாட்டர்பேக். முகாமில் அவருக்கு முன்னால் பிரெட் ஃபாவ்ரே உட்பட மூன்று பேர் இருந்தார்கள். திரும்பிப் போய் அயோவாவில் ஒரு மளிகைக் கடையில் மணிக்கு 5.50 டாலருக்கு இரவு வேலையாக அலமாரி அடுக்கினார். பிறகு உள்ளரங்க லீக், ஐரோப்பிய லீக் என்று சுற்றி செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு வந்து சேர்ந்தார். 1999 ஆகஸ்டில், கணக்கில் சேராத ஒரு முன்பருவ ஆட்டத்தில் ராம்ஸின் முதல் குவாட்டர்பேக் டிரென்ட் கிரீனின் முழங்கால் போனது. அந்த இடத்துக்கு வந்த வார்னர் அந்தப் பருவத்தில் புள்ளி தரும் டச்டவுன் பாஸ் 41 எறிந்தார், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலையும் வென்றார். இந்தக் கதையை எல்லோரும் நம்பிக்கை ஊட்டச் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. ராம்ஸ் கோச்சுகள்கூட அவரை முதல் ஆளாக வைத்திருக்கவில்லை. ஒருவருக்கு அடிபட்டதால்தான் வார்னர் கண்ணில் பட்டார். அப்படிப்பட்ட சந்தர்ப்பம் வாய்க்காமலே போனவர்கள் எத்தனை பேர்?

வெயிலையும் சொல்லியாக வேண்டும். 2001-ல் மினசோட்டா வைக்கிங்ஸ் முகாமில் கோரி ஸ்டிரிங்கர் என்ற ஆட்டக்காரர் பயிற்சி முடிந்ததும் சரிந்தார். மருத்துவமனையில் உடல் சூடு 108 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. ஆகஸ்ட் 1 அதிகாலையில் இறந்தார். வயது 27. தண்ணீர் கேட்பதே பலவீனம் என்று நினைத்த பழைய முகாம் மனப்பான்மைக்கு அந்தச் சாவு பெரிய அடி. இப்போதெல்லாம் முகாமின் முதல் சில நாள் முழுக் கவசம் போடுவதில்லை, உடம்பை வெயிலுக்குப் பழக்குகிறார்கள். ஒரே நாளில் இரண்டு முறை முழுக் கவசத்தோடு முட்டவைக்கும் பயிற்சி, லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்தோடு நின்றது. ஹெல்மெட்டின் மேல் பஞ்சுத் தொப்பி மாதிரி ஒன்றைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இந்தச் சில ஆண்டுகளில் வந்ததுதான். பார்க்க லட்சணமாக இல்லை என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். தலை முக்கியம்.

இன்னும் மாறாதது சம்பளம். ஒப்பந்தத்தில் இருக்கும் சம்பளம் பருவத்தின் முதல் வாரத்திலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும். முகாமில் வாரப்படி மட்டுமே. நட்சத்திரங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. 80-வது, 85-வது ஆளாக வந்து, உடம்பைக் கொடுத்து முட்டி, நட்சத்திரத்தைத் தயார் செய்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்கு அந்தப் படிதான் கடைசி வருமானம். இது அநியாயம் என்றே நினைக்கிறேன். அவர் செய்ததும் அதே வேலைதான்.

சரி, பங்கு. இப்போது வாங்க முடியாது. 1923-லிருந்து இதுவரை ஆறு முறைதான் விற்றிருக்கிறார்கள். கடைசி விற்பனை 2022 பிப்ரவரியில் முடிந்தது, ஒரு பங்கு 300 டாலர். டிவிடெண்ட் கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது, குடும்பத்தாருக்குக் கொடுக்கலாம். 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதெல்லாம் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். அடுத்த விற்பனை வந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் முதலீடு என்ற கணக்கில் எழுதாதீர்கள். கிடைப்பது ஓட்டுப் போடும் உரிமையும், ஜூலையில் லாம்போ ஃபீல்டில் நடக்கும் பங்குதாரர் கூட்டத்தில் உட்காரும் உரிமையும்தான். லீக்கில் வேறு எந்த அணியும் தன் வரவு செலவை இப்படி ஊரறிய வெளியிடுவதில்லை. அந்தக் கணக்கைப் படித்துவிட்டு, முகாமுக்கு வந்து போனவர்களுக்கு இதில் எவ்வளவு போனது என்று அணி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். படியைத் தீர்மானிப்பது லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தம் என்று பதில் வரும். அது உண்மைதான். ஆனால் அந்த ஒப்பந்தம் 2030 பருவம் வரைதான்.

அன்புடன்.