எம்.ஆர்.என்.ஏ. ஊசி போட்டால் மரபணு மாறிவிடுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 67 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டுக்காரருக்கு 74, ஸ்டென்ட் வைத்து நான்கு வருடம் ஆகிறது. கொரோனா சமயத்தில் இருவரும் கோவிஷீல்டு போட்டுக்கொண்டோம். அமெரிக்காவில் இருக்கும் மருமகளுக்குப் பிரசவம். நவம்பரில் போய் ஐந்து மாதம் இருக்கப் போகிறோம். "இங்கே குளிர்காலத்தில் காய்ச்சல் பரவும், வந்ததும் எம்.ஆர்.என்.ஏ. ஊசி போட்டுவிடலாம்" என்கிறான் மகன். அது மரபணுவையே மாற்றிவிடும், வாலிபப் பிள்ளைகள் திடீரென்று மாரடைப்பில் போவதற்கும் அதுதான் காரணம் என்று என் நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். கோவிஷீல்டும் அதே வகைதானா? நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, முதலில் கோவிஷீல்டு கணக்கை முடித்துவிடுவோம். அது எம்.ஆர்.என்.ஏ. ஊசி இல்லை. சிம்பன்சி குரங்குகளிடம் காணப்படும் ஒரு சளி வைரஸை எடுத்து, மனித உடம்பில் பெருக முடியாதபடி செய்து, அதற்குள் கொரோனாவின் ஒரு பகுதிக்கான குறிப்பை வைத்து அனுப்பிய ஊசி அது. ஆக்ஸ்ஃபோர்டில் உருவாகி, நமக்காகப் புனேயில் தயாரானது. கோவாக்சின் இன்னும் பழைய முறை: வைரஸை வளர்த்து, செயலிழக்கச் செய்து, அதையே ஊசியில் ஏற்றுவது. 2021 ஜனவரி 16 முதல் நம் நாட்டு முகாம்களில் போட்டது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் எம்.ஆர்.என்.ஏ. ஊசி போட்ட ஒருவரைப் பார்த்தால், அவர் அநேகமாக வெளிநாட்டில் இருந்து வந்தவராகத்தான் இருப்பார். இங்கே யாருக்கு மாரடைப்பு வந்தாலும் ஊருக்குள் வராத ஊசியின் மேல் பழி போடுவது வேடிக்கைதான்.

இனி மரபணு விஷயம். அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன ஊர்களில், கடையின் பேரேடு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வேலை பார்க்கிற ஆளிடம் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் சீட்டு குப்பைக்குப் போய்விடும். நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா வகைச் செல்களிலும் இதேதான் இரவு பகலாக நடக்கிறது. டி.என்.ஏ. என்ற பேரேடு செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. அதிலிருந்து படியெடுத்த சீட்டு வெளியே வருகிறது. அதைப் படித்து ரைபோசோம்கள் என்ற வேலையாட்கள் புரதம் செய்கின்றன. அந்தச் சீட்டின் பெயர்தான் எம்.ஆர்.என்.ஏ. நீங்கள் இதை வாசிக்கும் இந்த நிமிஷத்தில்கூட உங்கள் உடம்பில் கோடிக்கணக்கான சீட்டுகள் எழுதப்பட்டுக் கிழிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

ஊசியில் வருவதும் அப்படி ஒரு சீட்டுதான். கொரோனா வைரஸின் மேல் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தைச் செய்யும் குறிப்பு மட்டும் அதில் இருக்கும். முழு வைரஸ் இருக்காது. ஆகவே ஊசியால் கொரோனா வராது. சீட்டு உட்கருவுக்குள் நுழைவதில்லை. அதைத் திருப்பி டி.என்.ஏ.வாக எழுதிச் சேர்க்கும் ஏற்பாடும் ஊசிக்குள் கிடையாது. புயத்தின் சதையிலும் பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் உள்ள செல்கள் அதைப் படித்து, முள் புரதத்தைச் செய்து வெளியே காட்டுகின்றன. "இது நம்முடையது இல்லையே" என்று எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்கிறது. எதிரணுக்கள் உருவாகின்றன; ஞாபகம் வைத்துக்கொள்ளும் செல்களும் உருவாகின்றன. பெரும்பாலும் சில நாட்களில் சீட்டு சிதைந்துபோகும், ஞாபகம் மட்டும் தங்கும். உண்மையான வைரஸ் வரும்போது உடம்பு அரிச்சுவடியில் இருந்து தொடங்க வேண்டியதில்லை.

சொல்லப்போனால், டி.என்.ஏ. குறிப்பைச் சுமந்து உட்கரு வரைக்கும் போனது நீங்கள் ஏற்கெனவே போட்டுக்கொண்ட கோவிஷீல்டுதான்! பதறாதீர்கள். அதுவும் நம் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டதில்லை. பயப்படுகிறவர்கள் எதற்குப் பயப்படுகிறோம் என்றே தெரியாமல் பயப்படுகிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

"ஒரே வருஷத்தில் அவசரமாகச் செய்த ஊசி" என்பதும் அந்த வாட்ஸ்அப் செய்திகளில் வரும். இதன் வேர் பழையது. வெளியிலிருந்து ஆர்.என்.ஏ. நுழைந்தால் உடம்பு அதை எதிரியாக எண்ணிக் கொதிக்கும். இந்த ஒரு சிக்கலில் ஆராய்ச்சி பல வருஷம் முடங்கிக் கிடந்தது. ஹங்கேரியில் பிறந்த கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் அமெரிக்காவில் இதோடு மல்லுக்கட்டினார்கள். ஆர்.என்.ஏ.வில் உள்ள யூரிடின் என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக அதன் சற்றே மாறிய வடிவத்தை வைத்தால் அந்தக் கொதிப்பு அடங்குகிறது என்று 2005இல் காட்டினார்கள். அப்போது அதைப் பெரிதாகக் கண்டுகொண்டவர்கள் குறைவு. பதவி இறக்கம் வரைக்கும் பார்த்த கரிக்கோவுக்கு 2023இல் வைஸ்மனோடு சேர்த்து நோபல் பரிசு வந்தது. சீட்டு வழியிலேயே சிதையாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிக்குள் பொதிந்து அனுப்பும் வித்தையும் இன்னொரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவும் தயாராக இருந்ததால்தான், 2020 ஜனவரியில் சீனா கொரோனாவின் மரபணு வரிசையை வெளியிட்டதும், மார்ச் 16 அன்று மாடர்னா என்ற அமெரிக்க நிறுவனத்தின் எம்.ஆர்.என்.ஏ. ஊசி முதல் மனிதர் கையில் ஏறியது.

இந்த வேகத்தின் அருமை தெரிய ஃப்ளூ ஊசியைப் பார்க்க வேண்டும். ஃப்ளூ வைரஸ் வருஷத்துக்கு வருஷம் வேஷம் மாற்றும். வடகோளக் குளிர்காலத்துக்கு எந்த வைரஸ்களை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலேயே சொல்லிவிடுகிறது. அப்புறம் அவற்றைப் பெரும்பாலும் கோழி முட்டைக்குள் வளர்த்து, பிரித்து, செயலிழக்கச் செய்து, சீசாவில் அடைக்க ஏறக்குறைய ஆறு மாதம். (முட்டை என்றதும் நாமக்கல்லை நினைக்காதீர்கள், இது இதற்கென்றே தனிக் கவனத்தோடு வளர்க்கும் கோழிகளின் கரு வளரும் முட்டை.) அதற்குள் வைரஸ் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டால் ஊசியின் பலன் குறைந்துவிடும். எம்.ஆர்.என்.ஏ. முறையில் வைரஸை வளர்க்கவே வேண்டாம், குறிப்பை மாற்றி எழுதினால் போதும். கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் மூச்சுத்திணற வைக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு இந்த முறையில் வந்த ஊசியை அமெரிக்கா 2024 மே மாதம் அனுமதித்தது.

குறையும் சொல்ல வேண்டும். முதலில் வந்த ஃபைசர் ஊசியை மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு எங்கே போவது? புனேயில் ஜென்னோவா நிறுவனம் பொடியாக உலர்த்தி, சாதாரண ஃப்ரிட்ஜின் 2 முதல் 8 டிகிரியில் வைக்கும்படி ஓர் எம்.ஆர்.என்.ஏ. ஊசி செய்து, 2022இல் அவசர அனுமதியும் வாங்கியது. அதற்குள் கொரோனா அலை ஓய்ந்துவிட்டது. அடுத்த குறை, தொற்றே வராமல் தடுக்கும் திறன் சில மாதங்களில் தேய்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்காமல் காப்பது அதைவிட நீடிக்கிறது. மூன்றாவது, அரிதாக இதயத் தசையில் அழற்சி வந்தது உண்மை. பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இரண்டாவது ஊசிக்குப் பிறகு வந்தது. அநேகம் பேர் தேறிவிட்டார்கள். கோவிஷீல்டிலும் மிக அரிதாக ரத்தம் உறைந்தது உண்டு. இதையெல்லாம் மறைக்கிற டாக்டரை நம்பாதீர்கள்.

ஆனால் வாலிபர்களின் திடீர்ச் சாவு வேறு கதை. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே 18 முதல் 45 வயதுக்காரர்களை ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசியால் அந்த ஆபத்து கூடவில்லை. கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் அப்படி ஒரு சாவு நடந்திருந்தது, மிதமிஞ்சிய குடி, கடும் உடற்பயிற்சி, இவைதான் கூட்டின. நாத்தனாருக்கு இதை அனுப்பிப் பாருங்கள்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். உங்களுக்கு அவசரமாக வேண்டிய ஊசிகளில் எம்.ஆர்.என்.ஏ. எதுவும் இல்லை, எல்லாம் இங்கேயே கிடைக்கும். அங்கே காசு கொடுத்துப் போட்டால் கையைக் கடிக்கும்.

ஃப்ளூ ஊசி இருவருக்கும். வடகோளப் பருவத்துக்கான புதிய ஊசி என்று கேட்டு, அக்டோபர் முதல் வாரத்துக்குள் போடுங்கள். அதே நாளில் இன்னொரு கையில் நிமோனியாவுக்கான நியுமோகாக்கல் ஊசி போடலாம். சர்க்கரை உள்ள உங்களுக்கும் ஸ்டென்ட் வைத்த ஐயாவுக்கும் இது தள்ளிப்போடக் கூடாத ஊசி. பச்சைப் பிள்ளையைத் தூக்கப் போகிறீர்கள், அதனால் கக்குவான் இருமல் சேர்ந்த டிடாப் ஊசியும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது வேண்டும். அடிபட்டால் போடும் டி.டி. அதற்கு ஈடாகாது. ஆர்.எஸ்.வி. ஊசியையும் புதிய கொரோனா ஊசியையும் ஐயாவின் இதய ரிப்போர்ட்டைக் காட்டி, அங்குள்ள மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அவர் எம்.ஆர்.என்.ஏ. போடலாம் என்றால் மரபணுவை நினைத்துத் தயங்க வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் ஊசியை வாங்கி, கட்டைப் பையில் காய்கறியோடு போட்டு, வெயிலில் பஸ் ஏறிக் காரைக்குடி வரைக்கும் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். வந்து சேரும்போது டப்பா வெதுவெதுப்பாக இருக்கும். அதைப் போட்டு என்ன பயன்? ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும், ஐஸ் கட்டி நேராகப் படவும் கூடாது. உறைந்தாலும் இந்த ஊசிகள் வீண்தான். மருத்துவமனை ஃப்ரிட்ஜிலேயே வைத்திருக்கும் இடமாகப் பார்த்துப் போடுவது நல்லது.

ஐயா ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை ஊசிக்காக நிறுத்த வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்காமல், இரண்டு நிமிஷம் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். உங்களுக்குச் சர்க்கரை ஓரிரு நாள் கொஞ்சம் ஏறலாம், மாத்திரையை மாற்றாதீர்கள். காய்ச்சல், கைவலி வந்தால் பாராசிட்டமால். ஊசி போட்டதும் வீட்டுக்கு ஓடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். இந்த வயதுக்கு அக்கி ஊசியும் உண்டு, அது இரண்டு தவணை. அதற்குக் கைவலியும் அசதியும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பிரயாண நேரத்தில் அது எதற்கு, ஏப்ரலில் திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.