மூன்று நாள் விடுப்பில் தட்டேக்காட்டுக்குப் பறவை பார்க்கச் செல்ல எப்படித் திட்டமிடுவது?

கோயம்புத்தூரிலிருந்து டிசம்பர் இறுதியில் மூன்று நாள் விடுப்பில் கேரளத்தின் தட்டேக்காட்டுப் பறவைகள் சரணாலயத்தையும் மூணாற்றையும் சேர்த்துப் பார்க்க விரும்புவதாகவும், இதுவரை உக்கடம், சிங்காநல்லூர் போன்ற குளக்கரைகளில் மட்டுமே பறவை பார்த்துப் பழகியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூணாற்றை இம்முறை விட்டுவிட்டு, மூன்று நாட்களையும் தட்டேக்காட்டுக்கே ஒதுக்குங்கள்.

எர்ணாகுளம் மாவட்டத்தில் கோதமங்கலத்தை அடுத்துப் பெரியாற்றங்கரையில் இருக்கும் இந்தச் சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர்தான். பறவையியலாளர் சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது இப்பகுதியின் வளத்தைக் கண்டறிந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1983-இல், இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பெரும்பகுதி தாழ்நிலக் காடு என்பதால், மூணாற்றின் உயரங்களில் வாழும் சிரிப்பானையோ நீலகிரி ஈப்பிடிப்பானையோ இங்கே எதிர்பார்க்க முடியாது. இரண்டு இடங்களையும் ஒரே பயணத்தில் அடக்கப் பார்ப்பவர்கள், பறவைகள் மும்முரமாக இருக்கும் காலைப் பொழுதொன்றை நேரியமங்கலத்துக்கும் அடிமாலிக்கும் இடையிலான மலைப்பாதையில் காருக்குள் கழித்துவிடுகிறார்கள்.

குளத்தில் பறவை பார்ப்பதற்கும் தாழ்நிலக் காட்டில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் திட்டமிடுவது எளிதாகும். குளத்தில் பறவை திறந்தவெளியில் நிற்கும். நீங்கள் நின்ற இடத்திலிருந்தே நிதானமாக எண்ணலாம். இங்கே மரங்கள் உயரமானவை, வெளிச்சம் குறைவு, அரைமணி நேரம் எதுவுமே அசையாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு கலப்புக் கூட்டம் வந்து சேரும். துடுப்புவால் கரிச்சான், மின்சிட்டுகள், சிறிய மரங்கொத்திகள், சிலம்பன்கள் எனப் பல இனங்கள் ஒன்றாக இரை தேடிக்கொண்டே நகரும் அந்தச் சில நிமிடங்களில், யாரை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் திகைத்துப் போவது இயல்புதான். கரிச்சானின் குரல் கேட்டவுடன் நடப்பதை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அதனைச் சுற்றி வேறு பறவைகளும் இருக்கும்.

ஆகவே செல்லும் முன் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடப் பத்துப் பன்னிரண்டு குரல்களைக் கேட்டுப் பழகுவதே பயன் தரும். குக்குறுவான்கள், மலபார் சாம்பல் இருவாச்சி, தீக்காக்கை, காட்டுக்கோழி, ஆறுமணிக்குருவி ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். ஆறுமணிக்குருவி குளிர்காலத்தில் வலசை வருவது; விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுத்துவிட்டு, மற்ற நேரத்தில் சருகுகளுக்கிடையே ஓசையின்றி மேயும். தீக்காக்கைச் சேவலோ செக்கச்சிவந்த வயிற்றை மறைத்து, நமக்கு முதுகைக் காட்டியபடியே அசையாமல் அமர்ந்திருக்கும். குரலை அறியாதவர்கள் அதற்குக் கீழேயே நடந்து போய்விடுவார்கள்.

வழிகாட்டி தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தட்டேக்காட்டில் கட்டாயம் தேவை. இலங்கைத் தவளைவாயனைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் இங்கு வருகிறார்கள். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்த இரவுப் பறவை, பகலில் புதர்க்கொடிகளுக்கிடையே இணையோடு காய்ந்த சருகுபோல உறைந்து அமர்ந்திருக்கும். ஆண் சாம்பல் சாயல், பெண் செம்பழுப்பு. தொந்தரவு இல்லையென்றால் ஒரே கொடியில் பல நாட்கள் தங்கும் என்பதால், ஊர்க்கார வழிகாட்டிகளுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். ஒளிப்படத்துக்காகக் கிளையை விலக்கச் சொல்வதும், பிளாஷ் அடிப்பதும், கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். வழிகாட்டியே முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். யானைகள் நடமாடும் காடு என்பதும் தனியே நுழையக் கூடாததற்குப் போதுமான காரணம். அருகிலுள்ள உருளன்தண்ணி, குட்டம்புழை பக்கம் போவதாக இருந்தால், எங்கே அனுமதி உண்டு, எங்கே இல்லை என்பதை வழிகாட்டி மூலம் வனத்துறையிடம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கே காட்டோரத்தில் இருக்க வேண்டும். விடியற்காலையில் திறந்த பாறைமேடு ஒன்றில் நின்றால், மர உச்சிக்கு வெயிலுக்கு வரும் இருவாச்சிகளையும் பச்சைப்புறாக்களையும் கழுத்து வலிக்காமல் பார்க்கலாம். ஒன்பதரைக்கு மேல் நிழல் பாதைகளுக்கு மாறலாம். நண்பகலில் உறங்குங்கள். மாலை மூன்றரைக்கு மீண்டும் கிளம்பி, இருட்டும்வரை இருந்தால் பக்கிகளும் (இரவில் பூச்சி பிடிக்கும் பறவைகள்) ஆந்தைகளும் குரல் கொடுப்பதைக் கேட்கலாம். சரணாலயப் பகுதியில் ஊர்களும் ரப்பர், ஜாதிக்காய்த் தோட்டங்களும் இருப்பதால், தங்கும் வீட்டின் கொல்லையிலேயே நல்ல பறவைகள் கிடைக்கும். முதல் மாலையை அங்கேயே கழிப்பது வீணல்ல.

பைனாகுலர் குறித்து ஒரு சொல். உங்களிடம் இருக்கும் 10x25 (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முகப்பு வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில்) குளத்துக்குப் போதும், காட்டுக்குப் போதாது. முகப்பு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: உங்களுடையதில் 2.5 மில்லிமீட்டர், 8x42-இல் 5.25 மில்லிமீட்டர். இருண்ட அடிக்காட்டில் இந்த வேறுபாடு பறவையின் நிறம் தெரிவதற்கும் வெறும் நிழல் தெரிவதற்குமான வேறுபாடு. வாங்க இயலாவிட்டால் நண்பரிடம் இரவல் பெறுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். தென்மேற்குப் பருவமழையில் அட்டைகளும் மூடிய வானமும் படுத்தும். டிசம்பர் இறுதி விடுமுறைக் கூட்டம் மிகுந்தது. முடிந்தால் ஜனவரி நடுவாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். ரயிலில் ஆலுவா வரை சென்று, பெரும்பாவூர் வழியாகக் கோதமங்கலத்துக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்திலோ ஆட்டோவிலோ தட்டேக்காட்டை அடையலாம். பறவை ஆர்வலர்களுக்கென்றே வீடுகளில் தங்க இடம் தருகிறார்கள். பதிவு செய்யும்போது, வழிகாட்டிக் கட்டணம் வாடகையில் அடங்குமா, காலைச் சிற்றுண்டியைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்களா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குச் சாப்பிட அறைக்குத் திரும்ப வேண்டியிருந்தால் காலையின் பாதி போய்விடும்.