முகம் இழுக்கிறதா? வறண்ட சருமம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பனிக்காலம் தொடங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: முகத்துக்கு எதைப் பூசுவது? பூசுவதைப் பிறகு பார்க்கலாம். முகத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பது எது என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் வறண்ட முகத்துக்கு முதல் வைத்தியம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைத்தான் சொல்கின்றன.

தினமும் மூன்று நான்கு முறை ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவுகிறேன். கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கிறது. மதியத்துக்குள் மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் வழிகிறது. என்னுடையது வறண்ட சருமமா, எண்ணெய்ச் சருமமா?
*– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்*

இரண்டும்தான். எண்ணெயைச் சுரப்பவை தோலுக்குள் இருக்கும் சுரப்பிகள். நீரைப் பிடித்து வைப்பது தோலின் மேலடுக்கு. அந்த மேலடுக்கின் செல்களுக்கு இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் கலந்த ஒரு பசை இருக்கிறது. நன்றாக நுரைக்கும் ஃபேஸ் வாஷ், அழுக்கோடு சேர்த்து இந்தப் பசையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். பசை குறைந்த தோலிலிருந்து நீர் ஆவியாக வெளியேறும், முகம் இழுக்கும். சுரப்பிகளோ ஹார்மோன் சொல்கிறபடி தம்பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கும். அதனால்தான் காலையில் இழுப்பு, மதியம் பிசுபிசுப்பு.

இன்றிலிருந்து காலையில் வெறும் தண்ணீர் போதும். இரவில் ஒரே ஒரு முறை மட்டும் க்ளென்சர். சுடுதண்ணீர் வேண்டாம், கை பொறுக்கும் வெதுவெதுப்பும் வேண்டாம், சாதாரணத் தண்ணீரே போதும். அரை நிமிடத்துக்கு மேல் தேய்க்காதீர்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். முகத்தில் ஈரம் இருக்கும்போதே, அதாவது மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் போட்டுவிட வேண்டும். காய்ந்த முகத்தில் போட்டால் அதே க்ரீம் பாதி வேலைதான் செய்யும். அளவு: ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி இரண்டரைக் கோடு தேவை. பட்டாணி அளவு போட்டுவிட்டு "எந்தக் க்ரீமும் எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு க்ரீமை மாற்ற வேண்டியதில்லை, அளவைக் கூட்டினால் போதும்.

அடுத்தது சோப்பு. உறையில் டிஎஃப்எம் 76 விழுக்காடு என்று போட்டிருப்பதைப் பார்த்து மென்மையான சோப்பு என்று நம்பிவிடுகிறார்கள். அந்த எண் சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று மட்டுமே சொல்கிறது. முதல் தரச் சோப்பும் காரம்தான். அதன் பிஎச் 9-லிருந்து 10 வரை இருக்கும், முகத் தோலின் பிஎச் ஏறத்தாழ 5. உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கினால் அது சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்று தொடங்கினால் சிண்டெட் வகை, அதாவது சோப்பு அல்லாத கட்டி, முகத்துக்கு ஏற்றது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து ஒரு வெள்ளைப் படிவமாகி முகத்திலேயே தங்கிவிடும். சிண்டெட்டில் அது நடக்காது.

மாய்ஸ்சரைசரில் கிளிசரின், செராமைடு, டைமெத்திகோன் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். வாசனை இல்லாததாக இருக்கட்டும். இரண்டு வாரத்தில் இழுப்பு நிற்கும். தோல் முழுக்கச் சீராக நான்கு வாரம்வரை ஆகலாம். அதற்குள் வேறு எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள்.

முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? சிலர் நல்லது என்கிறார்கள், சிலர் பரு வரும் என்கிறார்கள். ஆலிவ் எண்ணெய்?
*– இல்லத்தரசி, நாகர்கோவில்*

இருவர் சொல்வதும் சரி, முகம் யாருடையது என்பதைப் பொறுத்தது. பரு வராத, வெறுமனே வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல மூடி. மூடி என்றே சொல்கிறோம், ஏனென்றால் எண்ணெயில் நீர் கிடையாது. தோலில் ஏற்கெனவே இருக்கும் நீர் போய்விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. காய்ந்த முகத்தில் தடவினால் பளபளப்பு வரும், இழுப்பு போகாது. இரவில் முகம் கழுவி, ஈரத்தோடு மூன்று நான்கு சொட்டைக் கையில் தேய்த்து ஒற்றி எடுங்கள். பகலில் வெளியே போகும்போது வேண்டாம்.

பரு வரும் முகத்துக்கு இது ஆகாது, துளைகளை அடைக்கும். மூக்கோரம், புருவத்தில் செதில் இருப்பவர்களுக்கும் ஆகாது. அதற்கான காரணத்தை இன்னொரு பதிலில் பார்க்கலாம்.

ஆலிவ் எண்ணெயை முகத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. விலை கூடுதல் என்பதற்காக அல்ல. அதில் மிகுந்திருக்கும் ஒலேயிக் அமிலம் மேலடுக்கின் பசையைக் குலைக்கக்கூடியது. கடுகு எண்ணெய் எரிச்சல் தரும். லினோலேயிக் அமிலம் அதிகமுள்ள சூரியகாந்தி எண்ணெய் இவற்றைவிடப் பாதுகாப்பானது, அடுக்களையிலேயே இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட நீரிழப்பை நன்றாகத் தடுப்பது மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லி. வாசனையோ பகட்டோ இல்லாததால் யாரும் அதை மதிப்பதில்லை.

இன்னொன்று: எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் சீயக்காயை முகத்திலும் போட்டுத் தேய்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தலைக்குச் சரி. முகத்தில் போட்டால் தடவிய எண்ணெயோடு தோலின் சொந்த எண்ணெயும் போய்விடும்.

கடலைமாவு, முல்தானி மிட்டி, தயிர், எலுமிச்சை, கற்றாழை – இவற்றில் வறண்ட முகத்துக்கு எது நல்லது?
*– வாசகி, தஞ்சாவூர்*

முல்தானி மிட்டி எண்ணெயை உறிஞ்சும் களிமண். வறண்ட முகத்தில் போட்டுக் காயவிட்டால் மிச்சமிருப்பதையும் எடுத்துவிடும், வேண்டாம். எலுமிச்சைச் சாறு முகத்தில் கூடவே கூடாது. அதன் பிஎச் 2-ஐ ஒட்டியது. எரிச்சல் ஒரு பக்கம் இருக்க, சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் வெந்து கருந்திட்டு விழும், மறைய மாதக்கணக்காகும்.

கடலைமாவோ பயத்தம்மாவோ சோப்புக்குப் பதிலாக வேண்டுமானால் பயன்படுத்தலாம். மைய அரைத்துச் சலித்ததாக இருக்கட்டும். பாலில் கூழாகக் குழைத்து, தேய்க்காமல் தடவி, காயும் முன்பே கழுவிவிட வேண்டும். காய்ந்து வெடிக்கும்வரை விட்டுச் சுரண்டி எடுப்பதில்தான் கெடுதல். செதிலாக இருக்கிறதே என்று சர்க்கரை, ரவை, காப்பித்தூள் போட்டுத் தேய்ப்பவர்களுக்கும் இதுவே பதில். செதில் அழுக்கு அல்ல, நீர் போதாத தோல். தேய்த்தால் அடியில் இருப்பதும் புண்ணாகும்.

சோற்றுக் கற்றாழை பயன்படும், பக்குவம் தெரிந்தால். மடலை வெட்டியதும் அடியில் மஞ்சள் பால் வடியும், அதுதான் அரிப்புக்குக் காரணம். கால் மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி வடியவிட்டு, தோல் சீவி, சதையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி எடுங்கள். அதன் மேல் க்ரீமோ எண்ணெயோ போட்டு மூட வேண்டும். கற்றாழையை மட்டும் தடவி விட்டுவிட்டால் காய்ந்ததும் முன்னைவிட இழுக்கும்.

தயிரில் லாக்டிக் அமிலம் உண்டு. எரிச்சல் இல்லாத முகத்துக்கு வாரம் ஒரு நாள், ஐந்து நிமிடம் போதும். வெடிப்பு இருந்தால் தொடாதீர்கள்.

கிளிசரினும் பன்னீரும் எந்த அளவில் கலக்க வேண்டும்?
*– வாசகர், திண்டுக்கல்*

கிளிசரின் ஒரு தேக்கரண்டி, பன்னீர் நான்கு தேக்கரண்டி. கிளிசரினை அப்படியே பூசக் கூடாது. ஈரப்பதம் குறைந்த காற்றில் அது தோலின் அடியிலிருந்தே நீரை மேலே இழுக்கும். பன்னீர் வாங்கும்போது வாசனைத் திரவியமோ ஆல்கஹாலோ சேர்த்திருக்கிறதா என்று படியுங்கள். சந்தேகம் என்றால் ஆறவைத்த வெந்நீரே போதும், பன்னீரால் கிடைப்பது மணம் மட்டுமே. கெட்டுப்போகாமல் காக்கும் பொருள் இதில் இல்லாததால் கொஞ்சமாகக் கலந்து, ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். ஆபீசில் முழுநேரமும் ஏசி. முகம் வறண்டேதான் இருக்கிறது.
*– மென்பொருள் ஊழியர், சென்னை*

உடலில் நீர் குறைந்தவருக்குத் தண்ணீர் உதவும். உங்களுக்குக் குறையவில்லை, முகத்தின் வழியே வெளியே போகிறது. ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடுகிறது. காற்று நேராக முகத்தில் படாத இடத்துக்கு நாற்காலியை மாற்றுங்கள். மதியம் ஒரு முறை மாய்ஸ்சரைசர் போடுங்கள். முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு அப்படியே விடுவது நிலைமையை மோசமாக்கும். முகத்தோடு உடம்பு முழுக்கவும் வறட்சி, முடி கொட்டுதல், சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல் இருந்தால் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். தைராய்டு குறைவு இப்படித்தான் ஆரம்பிக்கும்.

மூக்கின் இரு ஓரமும் புருவத்திலும் மஞ்சளாகச் செதில் உதிர்கிறது. தேங்காய் எண்ணெய் தடவத் தடவக் கூடுகிறது. ஷேவ் செய்தால் எரிகிறது. வயது 34.
*– வாசகர், மதுரை*

இது வறட்சி அல்ல, செபோரிக் டெர்மடைடிஸ். தலையில் பொடுகு என்று நாம் சொல்வதன் முக வடிவம். மலசேசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தோலிலும் இருக்கிறது, சிலருக்கு அதனால் அழற்சி வருகிறது. கொழுப்பு அமிலங்கள்தான் அதற்குத் தீனி. தேங்காய் எண்ணெய் அந்தத் தீனியைப் போட்டு வளர்க்கிறது.

கீட்டோகொனசோல் 2 விழுக்காடு க்ரீமைக் காலை, இரவு மெல்லிசாகத் தடவுவது, நான்கு வாரம்வரை. அதே மருந்துள்ள ஷாம்பூவைத் தலையில் வாரம் இரண்டு முறை போட்டு, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுவது. தலையைக் கவனிக்காமல் முகத்தை மட்டும் பார்த்தால் திரும்பத் திரும்ப வரும். இது அடக்கி வைக்கும் நோய், ஒரேயடியாகப் போவதில்லை. நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஷேவிங்கைக் குளித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முடி ஊறியிருக்கும். முடி வளரும் திசையிலேயே இழுங்கள். முடித்ததும் படிகாரம் தேய்ப்பது சலூன் வழக்கம். அது தோலைச் சுருக்கி உலர்த்தும், வெட்டுக்காயத்தில் இரத்தம் நிற்க மட்டும் வையுங்கள். ஆல்கஹால் உள்ள ஆஃப்டர் ஷேவ் வேண்டாம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய க்ரீமை ஒரு வருடமாகப் போடுகிறேன். முதலில் முகம் வெளுத்துப் பளிச்சென்று ஆனது. இப்போது இரண்டு நாள் விட்டாலே சிவந்து, எரிந்து, தோல் உரிகிறது. வெயிலில் நிற்க முடியவில்லை. எந்த மாய்ஸ்சரைசர் போடட்டும்?
*– வாசகி, 28, சேலம்*

முதலில் ட்யூபை எடுத்துப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினலோன் இவற்றில் ஏதாவது ஒன்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோக்வினோன், ட்ரெடினோயின் இரண்டையும் அதோடு சேர்த்துச் செய்த க்ரீம்களைத்தான் நிறப்பூச்சாகப் பலர் வாங்குகிறார்கள். இவை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. 2018-ல் பல ஸ்டீராய்டு க்ரீம்கள், சீட்டு கேட்டே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்-க்குள் கொண்டுவரப்பட்டன. ஆனாலும் கடைகளில் கைமேல் கிடைக்கின்றன, அதுதான் கொடுமை.

மாதக்கணக்கில் போட்டால் முகத் தோல் மெலிந்துவிடும். இரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும், பருவும் மீசைமுடியும் வரும். நிறுத்தினால் நீங்கள் சொல்லும் இந்த எரிச்சல் வரும். எரிச்சல் தாங்காமல் மறுபடி போடுவார்கள், உடனே அடங்கும், சுழல் இறுகும். க்ரீம் ஒத்துக்கொள்கிறது என்பதற்கு அது சான்று அல்ல, தோல் அதற்கு அடிமையாகிவிட்டது.

ட்யூபோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். ஒரேயடியாக நிறுத்துவதா, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பதா என்பது எதை, எவ்வளவு காலம் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. அதுவரை முகத்துக்குத் தண்ணீர், பெட்ரோலியம் ஜெல்லி, வெளியே போனால் துத்தநாக ஆக்சைடு சேர்ந்த எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் – இவ்வளவே. ஃபேஷியல், ப்ளீச், ஆவி, சீரம் எதுவும் வேண்டாம். நிறுத்திய முதல் சில வாரங்கள் முகம் இன்னும் மோசமாகத் தெரியும். அந்த வாரங்களில்தான் பலர் பயந்து பழைய ட்யூபுக்குத் திரும்புகிறார்கள். தேற மாதங்கள் ஆகும், ஆனால் தேறும்.

தயாரிப்பாளர் முகவரியே இல்லாத நிறப்பூச்சு டப்பாவாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அவற்றில் பாதரசம் இருக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

ஏழு வயது மகனுக்குக் கன்னத்தில் வெளிறிய திட்டுகள், தொட்டால் சொரசொரப்பு. வயிற்றில் பூச்சி என்கிறார் மாமியார், கால்சியம் குறைவு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.
*– தாய், திருச்சி*

பெரும்பாலும் பிட்டிரியாசிஸ் ஆல்பா. வறண்ட தோலில் வரும் இலேசான அழற்சி, அந்த இடத்தில் நிறமி குறைந்து திட்டாகத் தெரிகிறது. சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்கும்போது இன்னும் எடுப்பாகத் தெரியும். இந்தத் திட்டை வைத்துப் பூச்சி மருந்தோ கால்சியமோ கொடுக்கத் தேவையில்லை. வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை நாளுக்கு இரண்டு முறை தடவுங்கள், குளிக்கும்போது முகத்துக்குச் சோப்பு வேண்டாம், வெயிலில் விளையாடப் போகும் முன் சன்ஸ்கிரீன். சொரசொரப்பு சில வாரத்தில் போகும். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், அதற்குள் க்ரீமை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். திட்டு பால் போல முழுவெள்ளையாக, ஓரம் தெளிவாக இருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம். பையனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் திட்டிலும் பிறகு நல்ல தோலிலும் மெல்லத் தொடுங்கள். இரண்டு இடத்தையும் அவன் ஒன்றுபோல உணர வேண்டும். திட்டில் உணர்ச்சி குறைவு என்று தோன்றினால் தொழுநோயா என்று பார்த்தாக வேண்டும். முகத்தில் உணர்ச்சிக் குறைவை இப்படிக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், சந்தேகம் இருந்தாலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.