ஆங்கிலத்தில் 'இனெக்ஸரபிள்' (inexorable) என்றால் என்ன? 'ரிலென்ட்லஸ்' (relentless) என்று எழுத வேண்டிய இடத்தில் அதைப் போடலாமா?

எல்லா இடத்திலும் போட முடியாது. அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் 'இரக்கமற்ற', 'விடாத' என்றே போட்டிருக்கும், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'இனெக்ஸரபிள்' என்றால் எவ்வளவு கெஞ்சினாலும் மசியாத என்று பொருள். அதில் வேகமோ பலமோ முக்கியமே இல்லை.

லத்தீனில் 'ஓராரே' என்றால் வேண்டுவது, 'எக்ஸோராரே' என்றால் மன்றாடியே ஒருவர் மனதைக் கரைத்துக் காரியம் சாதிப்பது. முன்னால் 'இன்' சேர்ந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. யார் காலில் விழுந்தாலும் தீர்ப்பை மாற்றாத நீதிபதிக்கு, நம் கதைகளில் வரும் எமனுக்கு, அப்படியே பொருந்தும். ஆனால் இன்றைக்கு ஆட்களைவிட, ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும் விஷயங்களுக்குத்தான் அதிகம் எழுதுகிறார்கள்: முதுமை, காலம், ஒரு தொழிலின் சரிவு, கடல்மட்டம். 1901-லிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. கரையில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. இன்றே புகையை எல்லாம் நிறுத்தினாலும், ஆழ்கடல் மெல்ல மெல்லச் சூடாகி விரிந்துகொண்டே இருக்கும் என்பதால், இன்னும் பல நூற்றாண்டுகளுக்கு அது ஏறத்தான் செய்யும். இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

'ரிலென்ட்லஸ்' வேறு. 'ரிலென்ட்' என்றால் இளகுவது, தணிவது, ஆகவே இது தணியாமல் அடிப்பது. விடாமல் கொட்டும் மழை, ஓயாத விமர்சனம், விடாமுயற்சி எல்லாம் இதில் வரும். பாராட்டாகவும் சொல்லலாம். உழைப்பாளி ஒருவரை 'இனெக்ஸரபிள்' என்று பாராட்டினால் மனிதர் பயந்துவிடுவார். அப்புறம், மழை நாளைக்கே விட்டுவிடலாம், முதுமை விடாது.

எரிமலைக் குழம்பைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'இனெக்ஸரபிள்' வந்து விழும், அங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1973 ஜனவரியில் ஐஸ்லாந்தின் ஹெய்மேய் தீவில் எரிமலை வெடித்தது. குழம்பு மெதுவாக நகர்ந்து வீடு வீடாக விழுங்கிக்கொண்டே துறைமுகத்தின் வாயை நெருங்கியது, மீன்பிடித்தே வாழும் ஊருக்குத் துறைமுகம் போனால் எல்லாம் போச்சு. அங்குள்ளவர்கள் கடல்நீரைப் பம்பு வைத்து இறைத்துக் குழம்பின் முகப்பில் மாதக்கணக்கில் கொட்டினார்கள். அது குளிர்ந்து இறுகியது, துறைமுகம் தப்பியது. வீடுகள் புதைந்த கட்டத்தை எழுதும்போது 'இனெக்ஸரபிள்' சரி. துறைமுகத்தைக் காப்பாற்றிய கட்டத்துக்கும் அதையே போட்டால், தண்ணீர் இறைத்தவர்களின் உழைப்பையே இல்லை என்று சொன்னதாகிவிடும்.

'இனெவிடபிள்' என்பது வந்தே தீரும் முடிவு, 'இனெக்ஸரபிள்' அந்த முடிவை நோக்கிய நகர்வு. அதனால்தான் 'ரைஸ்' (ஏற்றம்), 'டிக்ளைன்' (சரிவு), 'மார்ச்' (முன்னேறும் நடை) போன்ற சொற்களோடு நன்றாகச் சேரும். 'இனெக்ஸரப்ளி' என்று வினையடையாக்கினால் 'மூவ்', 'லீட்' பக்கத்தில் வைக்கலாம்.

உச்சரிக்கும்போது அழுத்தம் 'னெக்' மேல் விழ வேண்டும். எழுத்தைப் பார்த்து 'எக்ஸோ' என்று நீட்டாதீர்கள், 'னெக்'குக்கு அடுத்த அசை வாய்க்குள்ளேயே கரைந்துவிடும்.