சென்னைப் பல்கலைக்கழக நூலகம் பழையது என்பதைத் தவிர, வரலாற்றில் அதற்கு அப்படி என்ன இடம்?

கேட்டவர் மாணவர் என்று நினைக்கிறேன். நீங்களே அலமாரியில் தேடிப் புத்தகம் எடுத்துப் பழகியிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தை இங்கே வேரூன்றச் செய்ததில் இந்த நூலகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நூலகம் தொடங்கியது 1907-இல். முதலில் கன்னிமாரா பொது நூலகக் கட்டடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திய எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924 ஜனவரியில் நூலகராக வந்தார். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பழைய வேலைக்கே திரும்பப் பார்த்தார். லண்டனில் பயிற்சி பெற்று வந்த பிறகு ஆள் மாறிவிட்டார். அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். உலகில் முதலில் செய்தவர் அவரே என்று நான் சொல்லவில்லை, அங்கே பார்த்ததைத்தான் இங்கே கொண்டுவந்தார். ஆனால் 1931-இல் வந்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளும், புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க 1933-இல் வந்த கோலன் பகுப்புமுறையும் இந்த நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அவர் எழுதியவை. கடற்கரையில் இருக்கும் கட்டடம் 1936-இல் திறக்கப்பட்டது.

ஓலைச்சுவடிகளை விட்டுவிட்டாயே என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் சென்னையில் இருப்பவை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்குச் சொந்தம். அந்த நூலகம் நெடுங்காலம் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்திலேயே இருந்ததால் வந்த குழப்பம் அது.

சரி, என் கதை. நான் முதலில் நூலகராகச் சேர்ந்த கல்லூரியில் எல்லா பீரோவும் பூட்டியிருக்கும். சீட்டு எழுதிக் கொடுத்தால் உதவியாளர் எடுத்து வருவார், பெரும்பாலும் வேறு புத்தகத்தை. 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்று முதல் விதியைப் படித்துவிட்டு வந்தவன் நான், பொறுக்கவில்லை. வேதியியல் பீரோக்கள் நான்கைத் திறந்துவைத்தேன். மதிய இடைவேளையில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். வருடக் கடைசியில் இருப்புச் சரிபார்த்தபோது 23 புத்தகங்கள் குறைந்தன. அத்தனைக்கும் என் சம்பளத்தில் பிடித்தார்கள். திருட்டை நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆய்வகத்தில் குடுவை உடைந்தால் தேய்மானம் என்று எழுதுகிறவர்கள், புத்தகம் தொலைந்தால் மட்டும் நூலகர் தலையில் கட்டுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நூலகர் இருப்பதே பல துறைகளுக்கு 'நோ டியூ' கையெழுத்து வாங்கும்போதுதான் நினைவுக்கு வரும். மற்ற நாட்களில் தேர்வு மேற்பார்வைக்கு ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். நானும் முதுகலை முடித்து, தனியாக நூலக அறிவியல் பட்டமும் வாங்கியவன்தான்.

பிடித்த பணம் திரும்பி வரவில்லை. அடுத்த ஜூனில் ஒரு மாணவி இரண்டு புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள், இரண்டிலும் பென்சில் குறிப்புகள். நான் அழிக்கவில்லை.