மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் தினமும் போகும் காரின் பெயிண்டை எப்படிக் காப்பது?

தூசியைவிட, அதைத் துடைக்கும் துணிதான் பெயிண்டைக் கெடுக்கிறது. காலையில் வாசலில் நின்று உலர்ந்த துணியால் துடைப்போமே, அப்போது ஒவ்வொரு மணல்துகளும் உப்புத்தாள் மாதிரி கீறும். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள்; அப்புறம் கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணி.

சிமெண்ட் பால் தெறித்தால் அன்றே கழுவிவிடுங்கள். அது காரத்தன்மை உள்ளது, காய்ந்தால் பெயிண்டின் மேலிருக்கும் நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டை அரிக்கும். இறுகிவிட்டதா? சுரண்டாதீர்கள். வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துப் போட்டு ஊறவிட்டால் இளகும். பிறகு நன்றாக அலசுங்கள். தார்ப் புள்ளிக்குத் தார் ரிமூவர் போதும்.

ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல் பூசும் மெல்லிய காப்புப் பூச்சு) கல்லடியைத் தடுக்காது. அதற்கு பிபிஎஃப் எனும், பெயிண்ட் மேல் ஒட்டும் நிறமற்ற பிளாஸ்டிக் படலம்தான். முழு வண்டிக்கும் ஒட்டினால் பர்ஸ் காலி. பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் ஒட்டினாலே போதும்.